நகர்த்தும் கோழிக்கூண்டின் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மூங்கிலால் முடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை மூடுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். ஒரு கையால் தூக்கிவிடலாம் என்பதால் நாளுக்கு ஓர் இடத்தில் வைக்கலாம், நான்கு பக்கமும் காற்று புகும் என்பதால் உள்ளே ஈரம் தங்காது. இன்று சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் பலகை, பழைய இரும்புக் கட்டில், சைக்கிள் சக்கரம், ஃபிளெக்ஸ் பேனர் ஆகியவற்றைக் கொண்டு புறக்கடையில் கட்டப்படும் நகர்த்தும் கூண்டும் இந்த இரண்டு குணங்களைக் காப்பாற்றியாக வேண்டும். கட்டிய சில வாரங்களில் தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைத் துருவிப் பார்த்தால், கூண்டு கனமாகிவிட்டதால் வீட்டார் அதை நகர்த்துவதை நிறுத்திவிட்டார்கள் என்ற இடத்தில்தான் போய் நிற்கிறது. நகராமல் நிற்கும் நகர்த்தும் கூண்டு, நிலையான கொட்டகையைவிட மோசமானது. கொட்டகைக்கு மேடான தரையும் உமிப்படுக்கையும் உண்டு. இதற்கு அடியில் இருப்பது வெறும் மண்தான்.

கீழே சொல்லப்படுபவை ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்டு, நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்காகக் கட்டிய கூண்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதில் மூன்றில் ஒரு பங்கு, தரையிலிருந்து உயர்த்தி அமைத்த இரவு அறை. மீதி, அடிப்பக்கம் திறந்த வலைப்பகுதி. உங்கள் கூண்டு வேறு அளவில் இருந்தாலும் காரணங்கள் மாறுவதில்லை.

கூண்டை ஒருவரால் நகர்த்த முடியவில்லை

முதலில் எடையைப் பாருங்கள். கனம் சேர்ப்பதில் முதலிடம் கூரைக்கு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ இருக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனக்கும். ஆஸ்பெஸ்டாஸை அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், இலவசமாகக் கிடைத்தாலும் அதைக் கூண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த கனம் பேலட். முழுப் பேலட்டை அப்படியே சுவராக நிறுத்தினால், அதன் நடுவிலுள்ள தடித்த கட்டைகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பலகையைக் கழற்றி, ஒரு பலகை அகலம் இடைவெளி விட்டு ஒரு பலகை அடித்து, இடைவெளியை வலையால் மூடினால் சுவரின் எடை பாதியாகும், காற்றும் வரும். இரவு அறையின் மூன்று பக்கங்களுக்கு மட்டுமே பலகை தேவை. வலைப்பகுதிக்கு ரீப்பர் சட்டமே போதும்.

எடையைக் குறைத்த பிறகும் தூக்கச் சிரமமாக இருந்தால் சக்கரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் பின்பக்கக் கடைக்கோடியில் சக்கரத்தை மாட்டிவிட்டு முன்பக்கத்தைத் தூக்குகிறார்கள். 60 கிலோ எடை சீராகப் பரவியுள்ள ஆறடிக் கூண்டை அப்படித் தூக்கினால் கையில் 30 கிலோ ஏறும். சக்கரத்தைப் பின்முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, முன்னால் ஒன்றரை அடி வெளியே நீளும்படி இரண்டு கைப்பிடிகளைப் பொருத்துங்கள். எடையின் மையம் சக்கரத்திலிருந்து ஒன்றரை அடியிலும், உங்கள் கை ஆறடியிலும் இருப்பதால் அதே கூண்டுக்குக் கையில் வரும் சுமை 15 கிலோவாக இறங்கிவிடும். இரவு அறையே கனமான பகுதி என்பதால் அதைச் சக்கரத்தின் பக்கமாக வைத்தால் இன்னும் இலேசாகும். கைப்பிடிக்குப் பழைய கட்டிலின் குழாயே போதும். முனையில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் வழுக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சக்கரத்தை உள்ளே தள்ளிய கூண்டில் முன்பக்கம் ஆறு அங்குலம் உயரும்போது பின்பக்கம் இரண்டு அங்குலம் தாழும். ஆகவே சக்கரத்தை இறக்கிய நிலையில் அடிச்சட்டம் தரையிலிருந்து குறைந்தது மூன்று அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், நிறுத்தியபின் சக்கரம் மேலேறி அடிச்சட்டம் மண்ணில் படிய வேண்டும். வெல்டிங் பட்டறையில் இரண்டு துளையிட்ட ஆங்கிள் இரும்புத் துண்டு ஒன்றைப் பெற்று, ஒரு துளையில் சக்கரத்தையும் மறு துளையில் கூண்டோடு இணைக்கும் போல்ட்டையும் மாட்டினால், அந்தத் துண்டைத் திருப்பிச் சக்கரத்தை இறக்கவும் ஏற்றவும் முடியும். இறக்கிய நிலையில் அது திரும்பாமல் நிற்க ஒரு கம்பி ஊசி செருகினால் போதும்.

சக்கரம் கோணுகிறது அல்லது மண்ணில் புதைகிறது

சைக்கிள் சக்கரத்தின் ஆக்சில் இரண்டு பக்கமும் ஃபோர்க்கால் தாங்கப்படும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அதை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் முடுக்கி, மறு பக்கத்தை வெறுமனே விட்டால், சில நாள்களில் ஆக்சில் வளைந்து சக்கரம் கால் அகட்டி நிற்கும். பழைய இரும்புக் கடையில் சக்கரம் வாங்கும்போதே அதன் ஃபோர்க்கையும் சேர்த்து வாங்கி, ஃபோர்க்கின் தண்டை அறுத்துச் சட்டத்தில் போல்ட் போடுவதே நிலையான தீர்வு. மொபெட் சக்கரம் கனமானாலும் அகலமானது. களிமண்ணும் கரிசலும் உள்ள இடங்களில் மெல்லிய சைக்கிள் டயர் மழைக்காலத்தில் அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். அங்கே அகலமான டயரே உதவும். மணற்பாங்கான இடமானால் சக்கரத்தையே விட்டுவிட்டு, அடிச்சட்டத்தின் இரு பக்கமும் பழைய பிவிசி குழாயை நெடுக்கப் பிளந்து கவ்வவிட்டு, கயிறு கட்டி இழுக்கலாம். கூண்டு 40 கிலோவுக்குள் இருந்தால் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும், மரத்தின் அடிப்பக்கம் ஈரத்தில் உளுத்துப் போவதையும் தடுக்கும்.

நகர்த்திய பின் கதவு மூட மறுக்கிறது

கதவின் குறை என்று எண்ணிக் கீலைக் கழற்றி மாட்டுவார்கள். அடுத்த நாளே திரும்பவும் இடிக்கும். கூண்டின் சட்டம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகச் சரிந்துவிட்டது என்பதே உண்மையான காரணம். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் சட்டம் சரிந்திருக்கிறது. நான்கு கட்டைகளால் ஆன சட்டத்தை எத்தனை ஆணி அடித்தாலும் தள்ளினால் சரியும். குறுக்கே சாய்வாக ஒரு ரீப்பரை அடித்து முக்கோணமாக்கினால் அசையாது. நீளவாட்டில் இரண்டு பக்கமும், அகலவாட்டில் பின்பக்கமும் இப்படிச் சாய்வுக் கட்டை வேண்டும். பின்பக்கம் பலகையால் முழுதும் மூடப்பட்டிருந்தால் அதுவே போதும்.

ஆணியைவிட போல்ட் நல்லது. நாள்தோறும் ஆட்டம் காணும் மூட்டில் ஆணி மெல்ல மெல்ல வெளியே வரும். பழைய பேலட் பலகையோ காய்ந்து இறுகியிருப்பதால் துளையிடாமல் அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். நான்கு மூலைகளிலும் வாஷர் வைத்த போல்ட்டும் மற்ற இடங்களில் துளையிட்டு ஸ்க்ரூவும் போடுங்கள். பேலட்டைக் கடப்பாரையால் நெம்பிப் பிரிப்பதைவிட, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஹேக்சா பிளேடைச் செருகி ஆணியை அறுத்தால் பலகை உடையாமல் கிடைக்கும்.

நகர்த்தும்போது கோழியின் கால் மாட்டிக்கொள்கிறது

பின்சட்டத்துக்கு முன்னால் நடக்க மறந்து நிற்கும் கோழிக்கே இது நேரும். காலைத் தீவனத்துக்கு முன்பாக நகர்த்துங்கள், தீவனத்தை முன்பக்கத்தில் காட்டுங்கள், ஓரடிக்கு ஒருமுறை நின்று செல்லுங்கள். பின்சட்டத்தின் உட்பக்கம் பழைய டியூபைப் பட்டையாக வெட்டித் தரையைத் தொடும்படி தொங்கவிட்டால் அது கோழியின் காலில் பட்டு முன்னால் நகரச் செய்யும். சில நாள்களில் கூண்டு அசைந்தாலே கோழிகள் தாமாக நடக்கப் பழகிவிடும். குஞ்சுகள் இருக்கும்போது மட்டும் அவற்றை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு நகர்த்துவதே பாதுகாப்பு.

காற்றில் கூண்டு புரள்கிறது

எடையைக் குறைத்தவர்கள் ஆடிக் காற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதற்காகக் கூண்டில் நிரந்தரமாகச் செங்கல்லை ஏற்றிவிட்டால் முதல் கோளாறு திரும்பி வந்துவிடும். எடை, நிற்கும்போது இருக்கவும் நகரும்போது இல்லாதிருக்கவும் வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பி அடிச்சட்டத்தின் மூலையில் வைத்தால் 20 கிலோ. நகர்த்தும் நேரத்தில் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, புதிய இடத்தில் மீண்டும் நிரப்பலாம். புயல் அறிவிப்பு வந்த நாளில் கேனை நம்ப வேண்டாம். நான்கு மூலைகளிலும் முளைக்குச்சி அடித்துக் கயிற்றால் இறுக்குங்கள். கடலோர மாவட்டங்களில் அன்றிரவு கோழிகளை வீட்டுத் திண்ணைக்கோ குளியலறைக்கோ மாற்றிவிடுவது நல்லது. ஃபிளெக்ஸ் பேனரைக் காற்று வரும் பக்கத்தில் முழுதாக இழுத்துக் கட்டினால் கூண்டு பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும் என்பதால், மேல் ஓரத்தில் ஒரு சாண் திறந்தே விடுங்கள்.

கண்ணை எரிக்கும் வாடை வருகிறது

நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குனிந்து, அமரும் கட்டையின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கோழி இரவு முழுதும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். கண் எரிந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா வருகிறது என்று பொருள். அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கிச் சளி நோய்க்கு வழிவிடும். எச்சம் இருப்பதால் மட்டும் இவ்வளவு வாடை வராது, ஈரமும் சேர வேண்டும். இரவு அறையின் அடித்தளத்தில் பலகை இருந்தால் அங்கே கிடக்கும் உமியையோ கடலைத் தொலியையோ ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்துத் திறந்து பாருங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம், அதை மாற்ற வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நிலைமை சரி.

ஈரம் வரும் வழிகளில் கூரை ஒழுகலும் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்வதும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத வழி, கோழியின் மூச்சு. பலகையால் நெருக்கமாக மூடிய அறையில் இரவெல்லாம் வெளிப்படும் ஆவி வெளியேற இடமின்றிக் கூரைத் தகரத்தில் பட்டு நீராகச் சொட்டும். குளிர் தாக்குமே என்ற அக்கறையில் மார்கழியில் எல்லா இடுக்கையும் சாக்கால் அடைப்பவர்கள் இந்தத் தொல்லையைத் தாமே வரவழைக்கிறார்கள். கூரைக்கு அடியில் எதிரெதிர்ப் பக்கங்களில் நான்கு அங்குல இடைவெளி விட்டு வலையடித்துவிடுங்கள். கோழியின் உடல்மேல் நேராகக் காற்று படாதபடி அந்த இடைவெளி தலைக்கு மேலே இருந்தால் போதும்.

அறையின் தரைக்குப் பலகையே வேண்டாம் என்பது என் கருத்து. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலையை) விறைப்பாக அடித்தால் எச்சத்தின் பெரும்பகுதி நேரே கீழே விழும், நாள்தோறும் கூண்டு நகர்வதால் அந்த உரம் நிலத்தில் பரவும். வலைமேல் ஒட்டி நிற்பதை வாரம் ஒருமுறை தென்னை விளக்குமாற்றால் தேய்த்தால் போய்விடும்.

புல் மொட்டையாகி மண் சேறாகிறது

ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றிருக்கிறது, அல்லது கோழிகள் அதிகம். பதினெட்டுச் சதுர அடிக் கூண்டில் ஐந்துக்கு மேல் அடைப்பதானால் மாலையில் சில மணிநேரம் திறந்துவிட வேண்டும். மழை நாளில் நாளுக்கு இருமுறை நகர்த்துங்கள். இது அழகுக்காகச் சொல்வதன்று. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாள் முதிர்ந்த பிறகே தொற்றும். அதற்குள் கோழி வேறிடத்துக்குப் போய்விட்டால் தொற்றும் வாய்ப்பு பெரிதும் குறையும். கூண்டின் தடம் ஒரே வரிசையில் செல்லட்டும். விட்ட இடத்துக்குத் திரும்பி வர எத்தனை நாள் தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. பச்சையாக உண்ணும் கீரைப் பாத்தியின்மேல் மட்டும் கூண்டை வைக்காதீர்கள்.

பகலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கரூர், வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் கோழி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, பெரும்பாலும் மூச்சின் மூலமே சூட்டை வெளியேற்றும். உடனடியாகச் செய்ய வேண்டியது, கூண்டை மர நிழலுக்கு நகர்த்துவது; நகர்த்தும் கூண்டின் பெரும்பயன் இதுதான். மதியம் நிழல் எங்கே விழும் என்பதைக் காலையிலேயே கணக்கிட்டு வைத்துவிட வேண்டும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் அகலமான பக்கத்தின் வழியே உள்ளே பாயாது.

கூரைக்குமேல் நான்கு அங்குலம் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றைக் கட்டினால் தகரம் சூடேறுவது குறையும். கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பயன் பாதிதான். தகரத்தின் மேற்பக்கம் சுண்ணாம்பு அடிப்பதும் உதவும். தெர்மகோலைக் கூரைக்கு அடியில் ஒட்டுபவர்கள், கோழியின் அலகு எட்டாதபடி அதன்மேல் பலகையோ தகரமோ அடித்தாக வேண்டும். வெள்ளை உருண்டைகளைக் கோழி விடாமல் கொத்தித் தின்னும். தண்ணீரை மண்சட்டியில் வையுங்கள். தீவனத்தை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுங்கள், ஏனென்றால் செரிமானமே உடலில் சூட்டைக் கூட்டும்.

கூரை ஒழுகுகிறது

பழைய தகரத்தில் முன்பே ஆணித் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறிய போல்ட் நுழைத்து, மேலே சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வட்டத்தையும் வாஷரையும் வைத்து முடுக்குங்கள். தார் பூசினால் ஒரு கோடையில் வெடித்துவிடும். புதிய ஆணிகள் தகரத்தின் மேட்டில் இருக்க வேண்டும். நீர் ஓடுவது பள்ளத்தில். மூன்றடி அகலத்துக்கு ஆறு அங்குலச் சரிவு போதும். ஃபிளெக்ஸ் பேனரை மட்டும் கூரையாக நம்பியவர்கள், வெயிலில் அது விறைத்து மடிப்பில் கிழிவதை எதிர்பார்த்து ஆண்டுக்கொருமுறை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். தகரத்தின் ஓரங்களில் பழைய தோட்டக் குழாயை நெடுக்கக் கீறிக் கவ்வவிட்டால் உங்கள் கையும் கோழியின் கொண்டையும் அறுபடாது.

மாலையில் கோழிகள் இரவு அறைக்குள் போக மறுக்கின்றன

முன்பெல்லாம் தாமாக ஏறியவை திடீரென்று வெளியிலேயே ஒடுங்கி நின்றால், அதைப் பிடிவாதம் என்று நினைக்கக் கூடாது. அறைக்குள் ஏதோ அவற்றைத் துன்புறுத்துகிறது. பழைய மரத்தில் கட்டிய கூண்டுகளில் பெரும்பாலும் அது பலகை இடுக்கில் வாழும் செள்ளுப்பூச்சியாக இருக்கும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தென்படாது. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச்சோடு போய், ஒரு வெள்ளைத் தாளை அமரும் கட்டையின் அடிப்பக்கத்தில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். தாளில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் ஐயமில்லை. அவை இரத்தம் குடித்த பூச்சிகள் நசுங்கிய தடம். கட்டை சட்டத்தோடு சேரும் முனையில் சாம்பல் தூவியதுபோல் படிந்திருப்பது அவை உரித்த தோலும் எச்சமும்.

கோழிமேல் மருந்து தெளிப்பதால் மட்டும் இது தீராது, ஏனெனில் பூச்சியின் வீடு மரம். கோழிகளை வெளியேற்றி, அமரும் கட்டையையும் முட்டைப் பெட்டியையும் கழற்றி வெயிலில் போடுங்கள். கொதிக்கும் நீரை ஒவ்வோர் இடுக்கிலும் ஊற்றுங்கள். காய்ந்த பின் நீர்த்த சுண்ணாம்பைத் தூரிகையால் இடுக்குக்குள் இறங்கும்படி அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இதையே மறுபடியும் செய்ய வேண்டும், முதல் முறையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கக் கூடிய பூச்சி இது என்பதால், கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டுவைப்பது பயன் தராது. அடுத்த முறை வராதிருக்க, அமரும் கட்டையைச் சட்டத்தில் ஆணியடிக்காமல், கழற்றும்படி பள்ளத்தில் உட்காரவையுங்கள். பிளவுகள் நிறைந்த பலகையைவிட வழவழப்பான வேப்பங்கொம்பு நல்லது. கட்டில் குழாயை அமரும் கட்டையாக வைத்தால் பூச்சி ஒளிய இடமில்லைதான், ஆனால் கால் வழுக்கும், கோடையில் சுடும்.

மாறாக, பகலிலேயே ஆசனவாயைச் சுற்றிய இறகின் அடியில் வெண்முட்டைக் கொத்துகளும் ஓடும் பூச்சிகளும் தெரிந்தால் அது கோழிப்பேன். அது கோழியின் உடலிலேயே வாழ்வது. பழைய கார் டயரில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கூண்டுக்கு வெளியே வைத்து, மாலையில் திறந்துவிடும்போது புரளவிடுங்கள். புல்வெளியில் மட்டுமே வைக்கப்படும் கூண்டில் கோழிக்கு மண்குளியல் கிடைக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பூச்சி எதுவும் இல்லையென்றால் ஏணியின் சரிவையும் கட்டையின் உயரத்தையும் பாருங்கள். முட்டைப் பெட்டியைவிட அமரும் கட்டை உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் பெட்டிக்குள் தூங்கி அதை எச்சமாக்கிவிடும்.

காலையில் ஒரு கோழி இல்லை, அல்லது செத்துக் கிடக்கிறது

கோபத்தில் கூண்டை உடனே கழுவிவிடாதீர்கள், தடயம் போய்விடும். உடல் வலையோரம் கிடந்து தலை மட்டும் இல்லாதிருந்தால், வலைக்கு வெளியே நின்றே ஏதோ ஒன்று கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. மரநாயோ பூனையோ இப்படிச் செய்யும். பகலில் நடந்திருந்தால் கீரியை எண்ணலாம். அடிச்சட்டத்தருகே மண் தோண்டப்பட்டிருந்தால் நாய் அல்லது பெருச்சாளி. குஞ்சின் காலோ விரலோ கடிபட்டிருந்தால் எலி இனம். முட்டை உடைந்து ஓடு கிடந்தால் கீரி; ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பை முதலில் ஐயப்பட வேண்டும்.

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. நாய் பல்லால் பற்றி இழுத்தாலே அதன் கம்பி பிரிந்துவிடும். இரவு அறையைச் சுற்றிலும், வலைப்பகுதியின் கீழ் ஒன்றரை அடி உயரம் வரையிலும் அரை அங்குல வெல்டு மெஷ் கட்டாயம் வேண்டும். பணம் போதவில்லையென்றால் பழைய குளிர்பெட்டியின் கம்பித் தட்டு, மின்விசிறியின் வலைக்கூடு, சன்னல் கிராதி ஆகியவற்றை மேற்பகுதிக்குப் பயன்படுத்திவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிய மெஷ் வாங்குங்கள். இந்தக் கூண்டில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுவே. மெஷ்ஷை ஆணியை வளைத்துப் பிடிக்கவைக்காமல், மேலே ரீப்பர் துண்டை வைத்து ஸ்க்ரூ போட்டு அழுத்துங்கள்.

தோண்டி நுழைவதைத் தடுக்க அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் ஓரடி அகல மெஷ்ஷைக் கீல்போல் கம்பியால் கட்டித் தரையில் படுக்கவையுங்கள். விலங்கு சட்டத்தை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும்; காலடியிலேயே வலை தட்டினால் விட்டுவிடும். நகர்த்தும்போது அதை மேலே மடித்துக் கொக்கியில் மாட்டலாம். மேடுபள்ளமான தரையில் அடிச்சட்டத்தின்கீழ் இடைவெளி விழுந்தால் மாலையில் செங்கல்லால் அடைத்துவிடுங்கள். தாழ்ப்பாளை நகர்த்தியபின் அதன் துளையில் கம்பிக் கொக்கி ஒன்றையும் மாட்டுங்கள், வெறும் கொக்கியை நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். கீரியும் பாம்பும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. அவற்றுக்குப் பொறியோ நஞ்சோ வைப்பது குற்றம், வலையைச் சரிசெய்வதே வழி.

முட்டை பெட்டிக்கு வெளியே கிடக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது

பெட்டி ஓரடிக்கு ஓரடி அளவில், இருட்டாக, வைக்கோல் நிறைந்து இருக்க வேண்டும். இருபது லிட்டர் பெயின்ட் வாளியைப் படுக்கவைத்து, உருளாமல் அணைகொடுத்து, வாயில் பாதியை மறைத்தால் அருமையான பெட்டி. உள்ளே பெயின்ட் வாடை அறவே இருக்கக் கூடாது. முட்டை வடிவக் கூழாங்கல் ஒன்றைப் பெட்டியில் வைத்தால் புதுக் கோழி இடத்தைப் புரிந்துகொள்ளும். கூண்டை நகர்த்தும் அதிர்ச்சியில் முட்டை உருண்டு உடைவதுதான் கோழி முட்டையைக் குடிக்கப் பழகுவதற்குப் பெரும்பாலும் தொடக்கம். நகர்த்துமுன் முட்டைகளை எடுத்துவிடுங்கள், கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அடைக்கோழி உட்கார்ந்திருக்கும் பெட்டியைக் கழற்றி வீட்டோரம் நிலையாக வைத்துவிடுவது நல்லது. இருபத்தொரு நாளும் அதை நகரும் கூண்டில் வைத்திருப்பது முறையன்று.

கோழி சோர்ந்து நிற்கிறது, காரணம் தெரியவில்லை

பழைய பொருளில் கட்டிய கூண்டில் முதலில் பொருளையே ஐயப்பட வேண்டும். கட்டும்போது விழுந்த கம்பித் துண்டு, மெஷ் நறுக்கு, ஸ்க்ரூ ஆகியவற்றைக் கோழி விழுங்கும். துத்தநாகம் பூசிய கம்பி வயிற்றில் கரைந்து நஞ்சாகும். பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கட்டிய இடம் முழுவதும் தரையோடு இழுத்துத் துழாவுங்கள். பழைய கதவின் உரியும் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உட்பக்கம் வைக்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கதிர் போன்ற சின்னமும் அருகே சுருக்க எழுத்துகளும் முத்திரையிடப்பட்டிருக்கும்: எச்.டி. என்றால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றியது, பயன்படுத்தலாம், எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றியது, வேண்டாம். முத்திரை இருந்தாலும் ரசாயனக் கறையோ வாடையோ உள்ள பலகையை ஒதுக்குங்கள். பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் வைப்பது எந்த நிலையிலும் கூடாது. மரம் உளுக்காதிருக்கக் கழிவு எஞ்சின் ஆயில் பூசும் வழக்கத்தையும் கோழிக்கூண்டில் விட்டுவிடுங்கள்.

பொருளில் குறை இல்லையென்றால் எச்சத்தைப் பாருங்கள். இரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாக நீர்த்து, கழுத்து முறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தால் வெள்ளைக் கழிச்சல். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கென இருவார முகாம் நடத்துகிறது. நோய்க் கோழியைப் பஞ்சாரத்தில் தனியே அடைத்து, மற்றவற்றைக் கூண்டோடு அந்த இடத்திலிருந்து தொலைவுக்கு நகர்த்திவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செத்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூண்டின் சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் சோப்புநீரால் தேய்த்துக் கழுவிய பிறகே புதிய புல்லில் நிறுத்துங்கள்.